செங்கோட்டைக் குரல்

மேடையிலிருந்து திரைக்கு – 9

சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போகிறவர்கள் குளித்து முடித்த பசியோடு வண்டியைச் செங்கோட்டைப் பக்கம் திருப்புவது வழக்கம். பார்டர் பரோட்டாவுக்காகப் பிரானூரில் நிற்பவர்களில் பலர் அது இன்றைய கேரள எல்லையைக் குறிப்பதாக நினைக்கிறார்கள். இன்றைய எல்லை இன்னும் மேற்கே, புளியரையைத் தாண்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை செங்கோட்டை திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். அப்போது குற்றாலமும் ஐந்தருவியும் திருநெல்வேலி ஜில்லா. அருவியில் குளித்துவிட்டுச் சில மைல் வடக்கே நடந்தால் ராஜாவே மாறிவிடுவார்.

அந்த எல்லையூரில் பிறந்த ஒருவர்தான் இந்த வாரம் நம் கதாநாயகர். தமிழ் சினிமாவின் வரலாற்றை 1931-இல் தொடங்குவது வழக்கம். அவ்வாண்டு அக்டோபர் 31-இல் ‘காளிதாஸ்’ வெளியானது, தமிழ் பேசும் படத்தின் வயது அன்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. தேதி சரிதான். ஆனால் படத்தில் கதாநாயகன் ஏன் பாடினான், அவ்வளவு உயரத்தில் ஏன் பாடினான், முப்பது நாற்பது பாட்டுகள் இருந்தும் ஜனங்கள் ஏன் சலிக்காமல் கேட்டார்கள் என்பதற்கெல்லாம் அந்தத் தேதி பதில் சொல்லாது. பதிலுக்குச் செங்கோட்டைக்குத்தான் வரவேண்டும், காமிரா முன் கடைசிவரை நிற்காத எஸ்.ஜி. கிட்டப்பாவிடம்.

கிட்டப்பாவுக்கு முன் இந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குற்றாலத்தில் நடராஜருக்கு உள்ளது சித்திரசபை. பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலக் குறவஞ்சியை இயற்றினார். படிப்பதற்கான காவியமாக அல்ல, ஆடிப்பாடி நடிப்பதற்காக எழுதப்பட்டது அது. மதுரையை ஆண்ட முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்ற பெயரோடு அந்த நிலம் நின்றுவிட்டது. ஒரு நாடகத்துக்கு மானியம் கிடைத்த மண் இது. அதே வட்டாரத்தில் இலஞ்சியில் குமாரர் கோயிலும், பண்பொழியில் திருமலைக்குமாரசாமி மலையும் இருக்கின்றன. தினைப்புனமும் குறத்தியும் முருகனும் இங்கே ஏட்டில் மட்டும் இருந்த சங்கதிகள் இல்லை. நம் கதாநாயகர் வாழ்நாள் முழுக்க அதிகமாக ஆடிய நாடகம் வள்ளி திருமணம் என்பதை நினைக்கும்போது எனக்கு இந்த மலையடிவாரம்தான் கண்ணில் வருகிறது.

1906 ஆகஸ்ட் 25-இல் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் பிறந்த பிள்ளைக்கு ராமகிருஷ்ணன் என்று பெயர் வைத்தார்கள். கிட்டப்பா என்பது வீட்டில் கூப்பிட்ட பெயர், பின்பு நாடே கூப்பிட்ட பெயர். பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. பள்ளிக்கூடம் பெயருக்குத்தான். பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்புவதற்கு முன், 1911 ஜூன் 17-இல், அதே செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டார். ஊரையே போலீஸ் சல்லடை போட்டுச் சலித்த காலம் அது.

அந்நாளில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நல்ல குரல் இருந்தால் திறந்திருந்த கதவு நாடகக் கம்பெனி. சோறு கிடைக்கும், துணி கிடைக்கும், வாத்தியார் பாடமும் சொல்லித்தருவார். கூடவே அடியும் கிடைக்கும். ‘கூத்தாடி’ என்ற பழிச்சொல் குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும். கங்காதர ஐயரின் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கதவுக்குள் போனார்கள். அண்ணன்மார் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்திருந்தார்கள். ஐந்தாறு வயதில் கிட்டப்பாவும் மதுரையில் மேடை ஏறினார். கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து வந்த ரயில்பாதை 1904-இல் செங்கோட்டையைத் தொட்டிருந்தது. படுதாவும் பெட்டியுமாக ஊர் ஊராகப் போன கம்பெனிகளின் வாழ்க்கையே ரயிலை நம்பித்தான் நடந்தது.

சுவாமிகளைப் பற்றி முந்தைய பகுதிகளில் விரிவாகப் பார்த்தோம். அவருடைய பாட்டுகளையும் வசனத்தையும் மனப்பாடம் செய்த ஒரு பையனுக்கு அதுவே தமிழ்ப் பள்ளி, அதுவே சங்கீதப் பள்ளி. கிட்டப்பா எந்த வித்வானிடமும் உட்கார்ந்து முறையாகப் பாடம் கேட்டதில்லை. காதில் விழுந்ததைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டார்.

1919-இல் சி. கன்னையாவின் கம்பெனிக்குப் போனது பெரிய திருப்பம். பார்ஸி நாடகக் குழுக்கள் கொண்டுவந்த பிரம்மாண்டத்தைத் தமிழ் மேடையில் இன்னொரு படி உயர்த்தியவர் கன்னையா. காட்சிக்குக் காட்சி மாறும் திரைகள், தந்திரக் காட்சிகள், மேடைக்கே வரும் யானை, குதிரை என்று அவருடைய தசாவதாரம் சென்னையைக் கூட்டம் கூட்டமாக இழுத்தது. அதில் கிட்டப்பா மோகினி. சம்பூர்ண ராமாயணத்தில் பரதன். இவ்வளவு ஜோடனைக்கு நடுவில் ஒரு பையன் காணாமல் போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. கன்னையாவின் யானையைப் பார்க்க வந்தவர்கள் கிட்டப்பாவின் பாட்டைப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அந்தக் குரலில் என்ன விசேஷம்? ஆர்மோனியக் கட்டையின் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். கச்சேரி செய்யும் ஆண் வித்வான்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டை சுருதிக்குள் நிற்பார்கள். ஐந்து கட்டை என்பது பெண்களின் சுருதி. கிட்டப்பா ஐந்து கட்டையில் நின்று பாடினார். அங்கிருந்து தார ஸ்தாயிக்கு ஏறுவார். ஏறிய இடத்திலேயே பிருகாக்களை உதிர்ப்பார், குரல் கீச்சிடாது. சிறுவர் கம்பெனிகளில் பதினான்கு பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் எத்தனையோ பிள்ளைகளின் வாழ்க்கை முடிந்துபோனது. கிட்டப்பா வளர்ந்து ஆளான பிறகும் அதே உயரத்தில் பாடினார்.

உயரம் வெறும் வித்தைக்காக அல்ல. ஒலிபெருக்கி கிடையாது. காஸ் லைட் இரைச்சல் ஒரு பக்கம், சோடா விற்பவன் ஒரு பக்கம், தரை டிக்கெட்டில் அழும் குழந்தை ஒரு பக்கம். தகரக் கொட்டகையின் கடைசி வரிசைவரை சொல் புரிய வேண்டும். தாழ்ந்த சுருதியில் எவ்வளவு அழகாகப் பாடினாலும் பத்து வரிசைக்கு அப்பால் முணுமுணுப்புதான். உயர்ந்த குரல் அந்நாளைய மேடையின் ஒலிபெருக்கி. அந்த உயரத்திலும் சொல்லைக் கடித்துத் துப்பாமல் ஒவ்வொரு எழுத்தும் விளங்கப் பாடியதுதான் கிட்டப்பாவின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன். அவருடைய இசைத்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும் பழைய 78 தட்டு அது. மேடையில் ஒரே பாட்டை ஒன்ஸ்மோர் ஒன்ஸ்மோர் என்று நீட்டிப் பாடிப் பழகியவர் அந்த மூன்று நிமிடத்துக்குள் ஓடுவதைக் கேட்கும்போது, நமக்குக் கிடைத்திருப்பது எவ்வளவு சிறு துண்டு என்ற வருத்தம் வராமல் இருக்காது.

1924 ஜூனில் அவருக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் கிட்டம்மாள். கிட்டப்பாவின் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பெயரை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். புகழின் உச்சியில் இருந்தவரைக் கட்டிக்கொண்டு, பத்தாண்டு நிறையும் முன் கைம்பெண்ணானவர் அவர். மேடையின் ஒளி ஒருநாளும் அவர் மேல் விழவில்லை.

இனிக் கொடுமுடிக்குப் போவோம். 1908-இல் காவிரிக்கரை ஊரான கொடுமுடியில் பாலாம்பாளுக்குப் பிறந்த சுந்தராம்பாளின் இளமை கிட்டப்பாவின் இளமையைவிடக் கொடியது. தகப்பன் ஆதரவில்லாத குடும்பம். ரயில் பெட்டியில் பாட்டுப் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர். அந்தக் குரலைக் கேட்டவர்கள் வழியாக வேலு நாயர் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார், முதலில் சிறுவன் வேஷம் கட்டினார். பெண் வேஷத்தை ஆண்கள் கட்டிய காலத்தில் ஆண்பிள்ளை வேஷத்தில் அறிமுகமான பெண். இது பின்னால் திரும்பவும் வரப்போகிறது.

1926. சுந்தராம்பாள் இலங்கையில் பெயர் பெற்றிருந்தார். கிட்டப்பாவும் கொழும்புக்கு வந்தார். ஒப்பந்தக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? இருவரையும் சேர்த்து வள்ளி திருமணம் போட்டார்கள்.

இப்படி நடிகர்களைச் சேர்த்துப் போடும் ஸ்பெஷல் நாடகம் எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் அந்த இரவின் கனம் புரியும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் மூன்றாம் ஊர். ஒத்திகை கிடையாது. பலர் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்ப்பதே அரிதாரம் பூசும் இடத்தில்தான். சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் தெரியும் என்பதே அடித்தளம். அதற்கு மேல் எல்லாம் அந்தந்த நேரத்துப் புத்தி. வள்ளி திருமணத்தில் வேலன், வேடன், விருத்தன் என்று முருகன் மாறி மாறி வர, தினைப்புனம் காக்கும் வள்ளி ஒவ்வொருவரையும் மடக்க வேண்டும். தர்க்கம் என்பார்கள். வசனத்தில் தொடங்கிப் பாட்டுக்குப் போகும். ஒருவர் ஒரு ராகத்தில் கேள்வி போட்டால் மற்றவர் அதே ராகத்தில் பதில் சொல்ல வேண்டும். தோற்றால் ஆயிரம் பேர் முன்னால் தோல்வி.

சுருதிக் கணக்கு இங்கேதான் முக்கியமாகிறது. ஆர்மோனியம் இருவருக்கும் ஒன்றுதான். ஆணின் சுருதிக்கு இறங்கினால் பெண்ணின் குரல் அமுங்கும். பெண்ணின் சுருதிக்கு ஏறினால் ஆண் திணறுவார். பெரும்பாலும் விட்டுக்கொடுத்தவர்கள் பெண்கள்தான். கொழும்பில் அந்தச் சங்கடமே எழவில்லை. ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு குரல்கள் எதிரெதிரே நின்றன. யார் யாருக்கும் இறங்கிவர வேண்டியதில்லை. கிட்டப்பாவுக்கு ஈடுகொடுக்கச் சுந்தராம்பாளால் முடியாது என்று பேசியவர்கள் வாயடைத்தார்கள். அந்த ஜோடி தமிழகத்துக்குத் திரும்பியபோது ஊர்தோறும் கொட்டகை நிரம்பியது.

1927-இல் மாயவரத்தில் இருவரும் மணந்துகொண்டார்கள். முதல் மனைவி இருப்பது தெரிந்தும் சுந்தராம்பாள் சம்மதித்தார். சொந்தக் குழு அமைத்து நடித்தார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் நட்பு கிடைத்தது. கதர் கட்டினார்கள், தேசியப் பாட்டுகளை மேடையில் பாடினார்கள். ஊர்வலமும் பொதுக்கூட்டமும் எட்டாத தரை டிக்கெட்காரனிடம் காங்கிரசைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் நாடக மேடைக்குப் பெரும் பங்கு உண்டு, அதில் இந்த ஜோடிக்கும் பங்கு உண்டு.

வீட்டுக்குள் அவ்வளவு நன்றாக இல்லை. பிறந்த குழந்தை தங்கவில்லை. மனத்தாங்கல் வளர்ந்தது. கிட்டப்பா செங்கோட்டையில், சுந்தராம்பாள் கொடுமுடியில் என்று பிரிந்து இருந்த மாதங்களில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாகியிருக்கின்றன. கோபமும் கெஞ்சலும் கணக்குக் கேட்டலும் ஒரே தாளில் கலந்து கிடக்கும் கடிதங்கள். ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் வேலனையும் வேடனையும் தர்க்கத்தில் மடக்கிய வள்ளி, தபாலில் மட்டும் மீண்டும் மீண்டும் தோற்றார். கிட்டப்பாவின் மேதைமைக்காக இதை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண்ணை அவர் வருத்தினார் என்பதும் வரலாறுதான்.

குடி அவரைத் தின்றது. இரவெல்லாம் கத்திப் பாடிப் பகலெல்லாம் ரயிலில் போகும் பிழைப்பு மீதியைத் தின்றது. 1933 டிசம்பர் 2-இல் கிட்டப்பா இறந்தார். வயது இருபத்தேழு.

அவர் இறந்தபோது தமிழ் பேசும் படத்துக்கு இரண்டு வயதுதான். இன்னும் இரண்டு மூன்று வருஷம் இருந்திருந்தால் பம்பாய், கல்கத்தாப் படமுதலாளிகள் அவரை விட்டிருக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டே, 1934-இல், கே. சுப்பிரமணியம் ‘பவளக்கொடி’யைப் படமாக்கினார். மேடையில் அதே நாடகத்தில் நடித்துவந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அப்படியே படத்துக்கு வந்தார்கள். கிட்டப்பாவைக் கேட்டு வளர்ந்த தலைமுறை பாகவதருடையது. உயர்ந்த சுருதி, தெளிந்த சொல், ஐம்பதை நெருங்கும் பாட்டுகள். மைக் வந்துவிட்ட பிறகு அவ்வளவு உயரத்தில் பாட வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் படத்தில் பாடினார்கள். கதாநாயகன் என்றால் அப்படித்தான் பாடுவான் என்று ஜனங்களின் காதில் கிட்டப்பா எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்.

கிட்டப்பா போனபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயது. வெள்ளைப் புடவை கட்டினார், நெற்றியில் திருநீறு. ஆண் நடிகரோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். மேடையை விட்டே ஒதுங்கினார். அந்நாளில் ஸ்திரீபார்ட் நடிகை ஒருவர் அப்படி முடிவெடுப்பது பிழைப்பை முடித்துக்கொள்வதற்குச் சமம். சத்தியமூர்த்தி போன்றவர்கள் வற்புறுத்தித்தான் திரும்பவும் பாட வந்தார்.

பட முதலாளி அசன்தாஸ் ‘நந்தனார்’ படத்தோடு வந்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். 1935-இல் இந்தத் தொகையைக் கேட்டு நாடே திகைத்தது. ஆனால் நான் நின்று யோசிப்பது தொகையிடம் இல்லை, வேஷத்திடம். நந்தன் ஆண் வேஷம். ஜோடியும் இல்லை, காதல் காட்சியும் இல்லை. சிறுவன் வேஷத்தில் தொடங்கிய நடிகைக்குத் தன் முடிவை மீறாமல் படத்தில் நுழைய அப்படி ஒரு வழி திறந்தது. மாணிக்லால் டாண்டன் இயக்கினார், மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக நடித்தார். கச்சேரி மேடையின் பெரிய வித்வானும் நாடக மேடையின் பெரிய நடிகையும் ஒரே படத்தில். ஆனந்த விகடனில் கல்கி படத்தைக் கடுமையாகத்தான் எழுதினார். சுந்தராம்பாளுக்கு அதனால் குறைவு வரவில்லை.

அதன் பிறகு அவர் ஏற்ற வேடங்களைக் கவனியுங்கள். 1940-இல் மணிமேகலை, துறவி. 1953-இல் ஜெமினியின் அவ்வையார், இளமையையே வேண்டிக் கழற்றியெறிந்தவர். 1964-இல் ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள், திரும்பவும் துறவி. நாற்பது வருஷத் திரைவாழ்வில் ஒரு பெண் தனக்கு எந்தக் கதை வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தானே தீர்மானித்திருக்கிறார். பட முதலாளிகள் அதற்கு ஏற்பக் கதை தேடி வந்தார்கள். அந்தக் காலத்தில் வேறு எந்த நடிகைக்கும் இது வாய்க்கவில்லை என்றே சொல்வேன். 1951-இல் காங்கிரஸ் சார்பில் சட்டமேலவைக்குப் போனார். 1969-ஆம் ஆண்டு ‘துணைவன்’ படப் பாட்டுக்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் காலமானார்.

கிட்டப்பாவின் குரலுக்கு இன்னொரு வாரிசும் உண்டு. சோழவந்தானிலிருந்து வந்த டி.ஆர். மகாலிங்கம். கிட்டப்பாவின் பாட்டுகளை அதே சுருதியில் பாடித்தான் அந்தப் பையன் பெரியவர்கள் கண்ணில் பட்டார். 1945-இல் ஏ.வி. மெய்யப்பன் ‘ஸ்ரீவள்ளி’ எடுத்தபோது முருகன் வேஷம் அவருக்குக் கிடைத்தது. கொழும்பிலும் பிறகு ஊர்தோறும் கிட்டப்பா கட்டிய அதே வேஷம். படம் ஓடிய ஓட்டம் அந்நாளைய ரசிகர்களுக்குத் தெரியும்.

இருபது வருஷம் கழித்து, 1965-இல், ஏ.பி. நாகராஜன் ‘திருவிளையாடல்’ எடுத்தார். அவரும் சிறுவர் கம்பெனியில் வளர்ந்தவர். மேடைக் குரல் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாணபத்திரர் வேஷத்துக்கு மகாலிங்கத்தை அழைத்தார், அவ்வையாருக்குச் சுந்தராம்பாளை அழைத்தார். ஒலிப்பதிவு நுட்பம் எவ்வளவோ வளர்ந்துவிட்டிருந்தது. மெல்லப் பாடினாலே போதும் என்ற காலம். இருவரும் மெல்லப் பாடவில்லை. கிட்டப்பா மறைந்து முப்பத்திரண்டாம் ஆண்டில், கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று கற்ற குரலிலேயே பாடினார்கள், தமிழ்நாடு முழுக்க அந்தப் படம் ஓடியது.

(தொடரும்)